கடினக்காரரை எங்கே தொடங்குவது

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஆவுடையம்மாளுக்குப் பயமாக இருந்தது. தப்பாகச் சொன்னால் முப்பிடாதி திரும்பி வரமாட்டாள்.

அவர்கள் ஊரில், கடினக்காரரைத் தப்பான இடத்தில் படிக்கத் தொடங்குகிறவர்கள் அந்த இடத்திலேயே தங்கிவிடுவார்கள். சரியான இடத்தில் தொடங்குகிறவர்கள் வடித்த சோறு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். எது சரியான இடம் என்று சொல்ல வேண்டியவர், கடைசியாகப் போய்த் திரும்பியவர். போன வருஷம் போய்த் திரும்பியவள் ஆவுடையம்மாள். இந்த வருஷம் சீட்டுக் குலுக்கியதில் முப்பிடாதியின் பெயர் விழுந்தது. முப்பிடாதி அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிக்கொண்டு இருந்தார்கள். சித்திரை மாதத்திலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.

கடினக்காரர் ஒரு தத்துவ ஞானி. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரையே யாராலும் சரியாகச் சொல்ல முடியாததால் ஊர் அவரை அப்படி அழைத்தது. ஒன்பது பாகங்கள் எழுதியிருந்தார். அவை படிப்பகத்தில், கண்ணாடி அலமாரியில், பூட்டாமல் வைக்கப்பட்டிருந்தன. பூட்டி என்ன பயன்?

வருஷத்துக்கு ஒருவராவது அவரைப் புதிதாகப் படிக்கத் தொடங்க வேண்டும். தேர்தலும் அம்மன் கோயில் கொடை விழாவும் சேர்ந்து வந்த ஒரு வருஷம் ஊர் அதை மறந்துவிட்டது. யாரும் அவரைப் படிக்காததால் அவர் ஊரைப் படிக்கத் தொடங்கினார். கீழத்தெருவில் தொடங்கினார். படித்து முடித்தும்விட்டார். இப்போது நடுத்தெரு முடிகிற இடத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. கீழத்தெருவில் பெண் எடுத்தவர்கள் தீபாவளிக்கு வேட்டி கட்டிக்கொண்டு நடுத்தெரு முனை வரைக்கும் வந்து, சற்று நேரம் நின்றுவிட்டு, பலகாரப் பையோடு திரும்பிப் போவார்கள்.

ஆவுடையம்மாள் போன வருஷம் போனபோது அவளுக்கு இடம் சொன்னவர் சுடலைக்கண்ணு கண்டக்டர். "மூணாம் பாகத்துல நடுவால, 'ஆனால்'னு தொடங்குத ஒரு வரி இருக்கும் தாயி. அதுல காலை வையி. அங்க அவருக்கு முதுகுப்பக்கம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் மகள் வீட்டுக்குத் தூத்துக்குடிக்குப் போய்விட்டார்.

அவள் அந்த வரியில் கால் வைத்தாள். உள்ளே ஒரு நீளமான நடைவழி இருந்தது. அதன் நடுவில் கடினக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நடுத்தர உயரம். வெள்ளைச் சட்டை. காலரின் உள்பக்கம் சலவைக் குறி தெரிந்தது. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் யோசிப்பது பக்கத்து வீட்டில் அரிசி களைவது போலக் கேட்டது. அவள் அந்த ஒரு வரியைப் படித்தாள். ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. வந்த வழியே திரும்பிவிட்டாள்.

முதுகுப்பக்கம் தொடங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. முகத்துக்கு நேராகப் போய் நின்றுவிட்டால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். மரியாதையாகத்தான் பார்ப்பார். பிறகு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் புறப்படலாம். இதுவரை யாரும் புறப்பட்டதில்லை.

ஒருவர் நுழைந்த இடத்தில் அடுத்தவர் நுழையவும் முடியாது. முதுகில் காற்றுப் பட்ட திசைக்கு அவர் பிறகு திரும்பிக்கொள்வார். ஆகையால் ஆவுடையம்மாள் ஒரு புது இடம் சொல்ல வேண்டும். ஆவணி முதல் வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்.

தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்றால், தெரிந்தவர்கள் இருக்கிற நிலைமை அப்படி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வேலாயுதம், எதையும் முதலிலிருந்து முறையாகத் தொடங்க வேண்டும் என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்கிறார். முதல் பாகத்தின் முதல் பக்கத்துக்குள் இருந்துகொண்டுதான் சொல்கிறார். அவரை நம்பிப் போன ஏழெட்டுப் பேரும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். உரக்கடை பால்ராஜ், வேறொருவர் எழுதிய முன்னுரையில் தொடங்கினார். அவர் திரும்பி வந்தார், ஆனால் முன்னுரை எழுதியவராகத் திரும்பி வந்தார். பால்ராஜின் மனைவி இப்போது காரம் குறைத்துச் சமைக்கிறாள். சந்தனமாரி கடைசிப் பாகத்தில் தொடங்கப்போவதாக இருந்தாள். அவள் போவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். அவள் போகிற நாள் வரும் வரைக்கும் அந்த வீட்டில் இரண்டு சந்தனமாரி. ஒருத்தி தண்ணீர் பிடித்தால் ஒருத்தி துணி துவைக்கிறாள், சண்டை இல்லை.

"தெரிஞ்சதச் சொல்லு. தெரியாததச் சொல்லாத" என்றார் அவள் கணவர் நயினார், செய்தித்தாளை மடித்துக்கொண்டே.

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுமே இல்லியே."

"அப்பம் பேசாம இரி."

"பேசாம இருந்தா அவ போயி மாட்டிக்கிடுவா. ஊரு என்ன சொல்லும்? தூக்குவாளிக்காகக் கொழுந்தன் பொண்டாட்டியப் புஸ்தகத்துக்குள்ள அனுப்பிட்டான்னு சொல்லும்."

சண்டை ஒரு தூக்குவாளியில்தான் வந்தது. ஆவுடையம்மாளின் அம்மா வீட்டுச் சீர் அது. பங்குனி உத்திரத்தன்று அதில் பாயசம் ஊற்றிக் கொடுத்தாள். திரும்பி வரவில்லை என்றாள் ஆவுடையம்மாள். அன்றைக்கே கழுவி, வாழைக்காய் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள் முப்பிடாதி. வாழைக்காய் வந்ததாக ஆவுடையம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. அது எந்தப் பாத்திரத்தில் வந்தது என்பதில்தான் தகராறு.

மறுநாள் அவள் படிப்பகத்துக்குப் போனாள். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் திரவியம், தங்கிவிட்டவர்களுக்காகப் பக்கங்களின் ஓரத்தில் காபி டம்ளர்களை வைத்துக்கொண்டிருந்தார். பக்கம் நனையாமல் வைக்க அவருக்குத் தெரியும்.

"ஒவ்வொரு பாகமாத் தொறந்து காட்டுங்க சார். அவுக எந்தப் பக்கமாப் பாத்து உக்காந்திருக்காகன்னு பாக்கணும்."

இது அவள் இரவெல்லாம் புரண்டு படுத்துக் கண்டுபிடித்த வழி. தங்கிவிட்டவர்கள் எல்லோரும் கடினக்காரரைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அவர்கள் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர் இருக்கிறார். எல்லோருடைய பார்வையையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய முதுகு எங்கே என்று தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் முப்பிடாதியும் வந்து சேர்ந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். ஆவுடையம்மாளைப் பார்க்காமல் அலமாரியைப் பார்த்து நின்றாள்.

"திரவியம் சார், போறவ நான்தான். எனக்கும் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

"பாக்கட்டும் சார். நான் என்ன கண்ணயா மறைக்கேன்" என்றாள் ஆவுடையம்மாள் மேசையைப் பார்த்து.

"மறைக்கவங்க எதையும் மறைப்பாங்க சார். வாழைக்காயவே மறைச்சவங்க."

"வாழைக்காயி வந்துச்சு சார். வாளி வரல."

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டம்ளர் சாஞ்சிரப் போவுது" என்றார் திரவியம்.

முதல் பாகத்தைத் திறந்தார்கள். தலைமையாசிரியரும் மற்றவர்களும் கிழக்கே பார்த்திருந்தார்கள். அப்படியென்றால் அவர் கிழக்கே இருக்கிறார். நான்காம் பாகத்தில் தபால் ஆபீஸ் ரோஸ்மேரி மேற்கே பார்த்திருந்தாள். அப்படியென்றால் அவர் மேற்கே இருக்கிறார். ஆறாம் பாகத்தில் பந்தல்காரர் இசக்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாம் பாகத்தில் இருந்த பெயர் தெரியாத வெளியூர்க்காரரின் தலை, கொடையில் ராட்டினத்தைப் பார்க்கிறவரின் தலை போல, மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது.

ஆவுடையம்மாள் ஏழாம் பாகத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள்.

"போன வருஷம் நீங்க வந்துட்டுப் போனதுலருந்து அவரு ஒரு பக்கமா நிக்கதில்லம்மா" என்றார் திரவியம். "யாரோ வந்து ஒரு வரிய மட்டும் படிச்சிட்டுப் போயிட்டாங்களேன்னு சுத்திச் சுத்தித் தேடுதாரு."

"அப்பம் முதுகு?"

"எங்கயும் நிலையா இல்ல."

முப்பிடாதி தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தாள். மறுபடியும் கட்டினாள். அவள் கைகளைப் பார்த்துவிட்டு ஆவுடையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனக்குக் கல்யாணமான புதிதில் மாமியார் எதிரில் முப்பிடாதி இப்படித்தான் துண்டை அவிழ்த்துக் கட்டுவாள் என்று நினைத்தாள்; பிறகு, அது முப்பிடாதிக்குக் கல்யாணமான புதிதில் அல்லவா, தான் அதற்கு முன்பே வந்துவிட்டோமே என்று திருத்திக்கொண்டாள். பயத்தில் எதுவும் வரிசையாக வரவில்லை.

அன்றைக்கு அவள் சமைத்ததில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. ஒன்பது பாகத்திலும் எந்த வரியை நினைத்தாலும் அதற்கு எதிரில் வெள்ளைச் சட்டை ஒன்று மெல்லத் திரும்புவது தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா என்றும் யோசித்தாள். சொல்ல வேண்டியவர் சொல்லாமல் போனால், போக வேண்டியவர் தானே ஒரு பக்கத்தைத் திறந்து போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். அதற்குத் தப்பாகச் சொல்வதே மேல்.

மத்தியானம் பக்கத்து வீட்டு பல்கீஸ் ஒரு கிண்ணத்தில் வட்டலப்பம் கொண்டுவந்தாள். ஆவுடையம்மாள் வாசலில் வாங்கி, "இரி, வாறேன்" என்று சொல்லி உள்ளே போனாள். வட்டலப்பத்தை வேறொரு தட்டில் மாற்றினாள். கிண்ணத்தைக் கழுவினாள். வெறும் கிண்ணமாகக் கொடுக்கக்கூடாதே என்று அலமாரியில் தேடி, கடைசியில் நான்கு அதிரசத்தைப் போட்டாள். அதுவரைக்கும் பல்கீஸ் வாசலில் நின்று சுவரிலிருந்த காலண்டரை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இராகுகாலம், எமகண்டம் வரைக்கும் படித்துவிட்டாள்.

ஆவுடையம்மாள் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களையிலேயே நின்றுவிட்டாள். இத்தனை நேரமும் தன் முதுகுதான் பல்கீஸின் பக்கம் இருந்தது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது.

பல்கீஸ் போனதும் அவள் கொல்லைப்பக்கம் போய், நடுச்சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏட்டி முப்பிடாதி."

அந்தப் பக்கம் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.

"என்னயவா கூப்பிட்டிய?"

"பின்ன இந்தத் தெருவுல எத்தன முப்பிடாதி இருக்கா? கேளு. எங்க வேணும்னாலும் தொடங்கு. எந்தப் பாகம், எந்தப் பக்கம்னு பாக்காத. ஆனா வெறுங்கையோட தொடங்காத. ஒரு பாத்திரத்துல எதையாவது கொண்டு போ."

"புஸ்தகம் படிக்கப் போறேனா, பந்தி பரிமாறப் போறேனாக்கா?"

"சொல்லுததக் கேளு. நேரா அவரு மூஞ்சிக்கு முன்னால போய் நில்லு. அவரு வாயத் தொறக்கதுக்குள்ள பாத்திரத்தக் கையில குடுத்துரு. வாங்குனவரு உள்ள கொண்டுபோயி வச்சுத்தான ஆகணும். மாத்தணும், கழுவணும், வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதேன்னு எதையாவது தேடணும். அம்புட்டு நேரமும் உனக்கு முதுகுதான். ஒரு வரியப் படிச்சிட்டு வந்துரு."

முப்பிடாதி கையைக் கழுவிக்கொண்டு சுவரருகே வந்தாள்.

"அவருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியுமா?"

"கீழத்தெருவ முழுசாப் படிச்சிருக்காருல்லா. தெரியாம இருக்குமா?"

"அது சரி" என்றாள் முப்பிடாதி. பிறகு, "என்ன கொண்டு போகட்டும்?" என்று கேட்டாள்.

"கூட்டாஞ்சோறு வையி. உன் கைக்கு அதுதான் ஒழுங்கா வரும்."

"மத்ததெல்லாம் வராதாக்கும்" என்றாள் முப்பிடாதி. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் மறுபடியும் தொடங்கியது. முன்னைவிட வேகமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை படிப்பகத்தின் வாசலில் தெருவே கூடியிருந்தது. முப்பிடாதி புதுச் சேலை உடுத்தி, பாத்திரத்தை ஈரத்துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். செருப்பை மேசைக்கடியில் விட்டாள். கைக்கு வந்த பாகத்தை எடுத்தாள், ஐந்தாவது. கைக்கு வந்த பக்கத்தைத் திறந்தாள். "வாறேன்க்கா" என்று ஆவுடையம்மாளைப் பார்த்துச் சொன்னாள். நாற்காலி காலியாயிற்று.

ஆவுடையம்மாள் அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இடது செருப்பில் வார் தைத்திருந்தது. சொன்னது சரியா தப்பா என்று மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு அடுக்களை இல்லாவிட்டால்? வாங்கி அங்கேயே கீழே வைத்துவிட்டால்? "சாப்பிட்டுவிட்டு வந்தேன், வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? இதையெல்லாம் முன்பே யோசித்திருக்க வேண்டும். முப்பிடாதியின் கணவன் தூணில் சாய்ந்து நின்று, அண்ணன் மனைவியை ஒரு தடவை பார்த்தான். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

சோறு ஆறுவதற்குள் முப்பிடாதி நாற்காலியில் இருந்தாள். மூச்சு வாங்கியது.

"நீங்க சொன்னாப்லதான்க்கா. வாங்கிட்டு, 'இரி வாறேன்'னுட்டு உள்ள போயிட்டாரு. வரியப் படிச்சேன், வந்துட்டேன்."

தெருவில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஆவுடையம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முப்பிடாதியின் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.

"பாத்திரம்?"

"அவரு கொண்டாரதுக்குள்ள வந்துட்டேன். நீங்கதான சீக்கிரம் வரச் சொன்னிய."

"எந்தப் பாத்திரம்ட்டி கொண்டு போன?"

முப்பிடாதி செருப்பைக் காலால் தேடினாள்.

"உங்க தூக்குவாளிதான். நேத்துப் பரண்ல கெடந்துச்சு. நான் திருப்பிக் குடுத்துட்டேன்னுதான் நெனச்சேன், அம்மன் சத்தியமா. போனா உங்க பாத்திரமே போகட்டும், என் பாத்திரம் எதுக்குப் போகணும்னு பாத்தேன்."

அதற்கு ஆவுடையம்மாள் கோபப்படவில்லை. கோபப்பட நேரம் இல்லை. அந்த ஊரில் சீராகக் கொடுக்கிற பாத்திரத்திலெல்லாம் பெயர் வெட்டியிருப்பார்கள். தூக்குவாளியின் கழுத்தில், புள்ளி புள்ளியாக, அவளுடைய முழுப் பெயரும் வெட்டியிருந்தது.

அவர் கழுவும்போது அதைப் படித்திருக்கிறார்.

மறுநாள் காலையில் நயினார் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. "ஏய், காபி" என்றார். ரேஷன் கடையில் அவள் விரலை வைத்தபோது, திரையில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கடைக்காரர் சர்க்கரையை நிறுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து தெருவில் எல்லோரும் அவளை மூத்தவள் என்றுதான் சொல்கிறார்கள். இந்தக் கதையிலும் இனி அப்படித்தான் சொல்ல வேண்டும். பெயரை அவர் படித்து முடித்துவிட்டார்.

பெயருக்கு அடுத்து எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. வாளியில் அதற்கு மேல் எழுத்து இல்லை. இரண்டொரு நாள் கழித்துத் திரவியம் தூக்குவாளியைக் கொண்டுவந்தார். இரண்டாம் பாகத்தின் ஓரத்தில் கழுவி, மூடியோடு கவிழ்த்து வைத்திருந்ததாம். எடுத்து நிமிர்த்தியபோது கனமாக இருந்ததாம்.

மூத்தவளும் முப்பிடாதியும் சேர்ந்து மூடியைத் திறந்தார்கள். அவர் வெறும் பாத்திரமாகத் திருப்பி அனுப்பவில்லை. தன்னிடம் இருந்ததைப் போட்டு அனுப்பியிருந்தார். உள்ளே கீழத்தெருவின் ஒரு பிற்பகல் இருந்தது. அதை நடுத்தெரு முனைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தார்கள். வேப்பமர நிழலும், ரேடியோ சத்தமும், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த இரண்டு மாமனார்களும் அங்கே பரவினார்கள். கீழத்தெரு மருமகன்கள் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். வெயில் தாழ்ந்ததும் பிற்பகல் தீர்ந்துபோயிற்று. மருமகன்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

வாளியின் அடியில் வேறொன்றும் பிடித்திருந்தது. முப்பிடாதி கரண்டியால் சுரண்டினாள். அது ஒரு கேள்வி. சுரண்டியதும் கேட்டது.

"இவரை எங்கே தொடங்குவது?"

கேட்ட குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

வழக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால், கடைசியாகப் போய்த் திரும்பியவர் இடம் சொல்ல வேண்டும். இப்போது தொடங்கப்போகிறவர் கடினக்காரர். கடைசியாகத் திரும்பியவள் முப்பிடாதி. சொல்லாவிட்டால் அவரே ஒரு இடத்தில் தொடங்கிவிடுவார். கீழத்தெருவை அப்படித்தான் தொடங்கினார்.

வாளியில் இருந்தது மூத்தவளின் பெயர்; 'இவரை' என்று அவர் கேட்டது அவளைத்தான். முப்பிடாதிக்குச் சரியான இடம் ஒன்றல்ல, நூறு தெரியும். சுவருக்கு அந்தப் பக்கமே இத்தனை வருஷம் இருந்தவள். எந்த இருமல் நிஜ இருமல், எந்த இருமல் மாமியாருக்குக் கேட்க வேண்டும் என்று இருமியது என்பது வரைக்கும் தெரியும். அவள் ஒரு வார்த்தை சரியாகச் சொல்லிவிட்டால் போதும். கடினக்காரர் அங்கே கால் வைத்து, கடைசி வரைக்கும் படித்து முடித்துவிடுவார். பிறகு வீட்டில் மூத்தவள் நிற்கிற இடம் நடுத்தெரு முனை மாதிரி இருக்கும்.

"அக்கா" என்றாள் முப்பிடாதி. "நான் தப்பாச் சொல்லணும். எது தப்புன்னு நீங்கதான் சொல்லணும்."

"தப்பான இடத்துல தொடங்குனா அங்கயே தங்கிருவாரு."

"தங்கட்டும். படிச்சு முடிச்சிர மாட்டாருல்லா."

இருவரும் அடுக்களையில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் தன்னை ஒவ்வொரு இடமாகத் திறந்து பார்த்தாள். கல்யாணத்தில் தொடங்கினால் மறுவீட்டு விருந்தோடு வெளியே வந்துவிடுவார். தலைப்பிரசவத்தில் தொடங்கினால் பிள்ளை அழுகிற சத்தத்தோடு வந்துவிடுவார். மாமியாருடைய கடைசி நாட்களில் தொடங்கினால் பதினாறாம் நாள் காரியத்தோடு எல்லாம் முடிந்துவிடும். எங்கே பார்த்தாலும் முடிவு இருந்தது. முடிவு இருக்கிற இடத்தில் வெளியே வர வழியும் இருக்கும்.

"முடியாத எடம் ஏதாவது இருக்கா?" என்றாள் முப்பிடாதி.

மூத்தவள் தணிந்த குரலில் சொன்னாள்.

"எட்டாங்கிளாஸ்ல ஒரு கணக்குப் பீரியட். டீச்சர் போர்டுல ஒரு கணக்கு எழுதிட்டு இருந்தாங்க. சமம்னு ரெண்டு கோடு போட்டாங்க. அப்பம் சித்தப்பா வந்து வாசல்ல நின்னு, 'வா, வீட்டுக்குப் போவோம்'னாங்க. பைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு விடல. அந்தக் கோட்டுக்கு அங்கிட்டு டீச்சர் என்ன எழுதுனாங்கன்னு எனக்குத் தெரியாது. மணியும் அடிக்கல."

"இத இத்தன வருசமா என்கிட்டச் சொல்லவே இல்லியே."

"நீ கேட்டாத்தான?"

"கேட்டா மட்டும் சொல்லிருப்பீயளாக்கும்."

முப்பிடாதி தூக்குவாளியைத் தூக்கி, வாயருகே வைத்து, "எட்டாங்கிளாஸ் கணக்குப் பீரியட்லருந்து தொடங்குங்க. ரெண்டு கோடு போட்ட எடத்துல" என்று மெதுவாகச் சொல்லி, சத்தம் வெளியே போகாமல் மூடியை அழுத்தினாள். வாளி வெறுமையாக இல்லை. திரவியம் அதை இரண்டாம் பாகத்தின் ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அது உள்ளே போயிற்று.

அன்று மாலை மூத்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தனக்குள்ளே யாரோ பெஞ்சில் வந்து உட்காருவது தெரிந்தது. வலி இல்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பது போல இருந்தது.

அதன் பிறகு ஒன்பது பாகங்களிலும் கேள்வி கேட்க ஆள் இல்லை. தங்கிவிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். ரோஸ்மேரி வந்தாள். இசக்கி கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்தார். தலைமையாசிரியர் மட்டும், தொடங்கியதை முடிக்காமல் எழுந்து வருவது முறையல்ல என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறார். அவருக்குத் திரவியம் இன்னும் காபி வைக்கிறார்.

கடினக்காரர் எட்டாம் வகுப்பில் இருக்கிறார். இரண்டு கோடுகளுக்கு அடுத்து என்ன என்று டீச்சர் அவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை. டீச்சர் பெஞ்சின் மேல் ஏறி நிற்கச் சொல்லியிருக்கிறார். அவர் நிற்கிறார். மூத்தவள் வேகமாக மாடிப்படி ஏறினால் அவருக்குக் கொஞ்சம் தடுமாறுகிறது என்பதால் நிதானமாக ஏறுகிறாள்.

அவர் வெளியே வர ஒரு வழிதான் உண்டு. அந்த வகுப்பில் மணி அடிக்க வேண்டும். அவளுக்குள் அந்த மணி அடித்ததில்லை, எப்படிக் கேட்கும் என்பதும் தெரியாது. ஆனாலும் வெளியிலிருந்து ஒரு மணிச் சத்தம் உள்ளே போய்விட்டால் அவர் அதையே வகுப்பு மணி என்று எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். அதனால் காலையிலும் மாலையிலும் கோயிலில் மணி அடிக்கிற நேரத்தில் அவள் மிக்ஸியை ஓடவிட்டு அதன் பக்கத்திலேயே காதை வைத்துக்கொள்கிறாள். வெறுமனே ஓட்டினால் மோட்டார் போய்விடும் என்று ஒரு கை பொரிகடலை போடுகிறாள். மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டபோது, முப்பிடாதி தன் வீட்டு மிக்ஸிக்கு ஒரு பேட்டரி வாங்கி வைத்தாள். இப்போது சுவரின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. இரண்டு வீட்டிலும் பொரிகடலை மாவு டின் டின்னாக நிரம்பிவிட்டது. தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். பாத்திரம் கொண்டுவரச் சொல்வதில்லை, காகிதத்தில் பொட்டலம் கட்டித்தான் கொடுக்கிறார்கள்.